அந்தக் கல்லை நினைத்தருளும்

வாங்க டீச்சர், உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க.

தெபோராள் இல்லை. நீங்க பதினோரு மணிக்கு வருவீங்க என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் போயிருக்கிறாள். ஓடைக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளைக் குடியிருப்பில் ஒரு பிள்ளைக்குப் பிரசவ வலியாம். ஆட்டோவில் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று போனாள். அவள் ஏற்றிவிடாவிட்டால் ஆட்டோ ஓடாது பாருங்க.

அந்தச் செம்பில் கருப்பட்டிக் காப்பி இருக்கிறது. அவள் போட்டு வைத்துவிட்டுப் போனது. ஊற்றிக் குடியுங்க. எனக்கு அடுப்புப் பக்கம் போய்ப் பழக்கமில்லை.

நான் யார் என்று யோசிக்கிறீங்க. இந்த ஊரில் என்னைத் 'தெபோராள் வீட்டுக்காரர்' என்பார்கள். நீங்களும் பஸ்ஸை விட்டு இறங்கி 'தெபோராள் அம்மா வீடு எது' என்றுதானே கேட்டு வந்தீங்க? எல்லாரும் அப்படித்தான். குருவானவர்கூட கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு 'அம்மா வரலையா' என்றுதான் கேட்பார். கை என்னுடையது, கேள்வி அவளுக்கு.

எனக்கும் பேர் இருக்கிறது டீச்சர். கேபா. ஞா. கேபா. ஞா என்றால் ஞானாபரணம், என் அப்பா. எழுதிக்கொள்ளுங்க. நெடில் கே. குறில் போட்டுவிடாதீங்க, கல்யாணப் பத்திரிகையிலேயே கெபா என்று அடித்துவிட்டான் ஒருத்தன். வேதத்தில் உள்ள பேர்தான், பேதுருவுக்கு அது இன்னொரு பேர் என்று அப்பா சொல்வார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் 'கேப்பை, கேப்பை' என்று கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்போடு நான் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

எழுதினீங்களா? நல்லது. உங்கள் பத்திரிகையில் அவள் சாட்சி வரும்போது என் பேரும் வரணும். அதைச் சொல்லத்தான் காலையிலிருந்து சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

'தடைகளைத் தாண்டி' என்று தலைப்பாம். குருவானவர் சொன்னார். எதிர்ப்பின் நடுவில் விசுவாசத்தைக் காத்துக்கொண்டவர்களைப் பற்றி மாதம் ஒருத்தர். இந்த மாதம் தெபோராள். சரி, எழுதுங்க. ஆனால் நான் ஆறாவது தலைமுறைக் கிறிஸ்தவன் டீச்சர். எங்கள் கோயிலுக்கு மூலைக்கல் போட்ட அன்று கல் சுமந்தது என் பாட்டனாரின் தாத்தா. அவளோ கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் பேச்சித்தாய். மறுநாள்தான் தெபோராள். சாட்சி சொல்லும்போது 'கர்த்தர் என்னை அழைத்தார்' என்கிறாள். அழைத்தது நான். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு சுரண்டை பஸ்ஸில் போய்ப் பெண் கேட்டு அழைத்து வந்தது நான். நான் கட்டவில்லை என்றால் இவளுக்கு ஏது விசுவாசம், ஏது சாட்சி, ஏது பத்திரிகை? அதை ஒரு நாளாவது மைக்கில் சொல்லியிருக்கிறாளா?

எதிர்ப்பு எதிர்ப்பு என்கிறார்களே, யார் அவளை எதிர்த்தது, நீங்களே கணக்குப் போடுங்க. அவள் அண்ணன்மார் ஐந்து வருஷம் பேசவில்லை. எந்த வீட்டில் அண்ணன் தங்கச்சி சண்டை இல்லை? அடுத்தது சூளைக்காரர். இவள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சூளைக் குடியிருப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுத்தாள். ஓலைக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். சூளைக்காரருடைய மேஸ்திரி வந்து நின்றான்.

"ஏம்மா, பாட்டுப் படிக்கணும்னா உன் கோயில்ல போய்ப் படி. சூளையில கிடக்கிற பிள்ளைகளுக்குப் பாட்டு எதுக்கு?"

"சரி அண்ணாச்சி, பாட்டு வேண்டாம். எழுத்து மட்டும் சொல்லித் தாரேன்."

"அது அதவிட மோசம்லா!"

மறு வாரம் கொட்டகை தரையில் கிடந்தது. இவள் உடைமரத்தடியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். வெயில், முள், எறும்பு. போகாதே என்று நான் சொன்னேன். யார்தான் சொல்லமாட்டார்கள்? ஒரு புருஷன் சொல்லத்தானே வேண்டும்?

இவளுக்கு எழுத்துத் தெரிந்ததே நாற்பது வயதில். அறிவொளி என்று சாயங்காலம் ஒரு டீச்சர் வந்து சொல்லிக் கொடுத்தார்கள், உங்களை மாதிரி ஒல்லியாக. என்னையும்தான் கூப்பிட்டார்கள். பெஞ்சாதி பக்கத்தில் பலகையை வைத்துக்கொண்டு உட்காருகிறவனா நான்? இவள் உட்கார்ந்தாள். ஆறு மாதத்தில் வேதம் வாசித்தாள். ஒரு வருஷத்தில் கோயிலில் எழுந்து நின்று பாடம் வாசித்தாள், கண்ணாடி போட்டுக்கொண்டு. அந்தக் கண்ணாடி ஒரு வாரம் காணாமல் போனது. எங்கேயோ வைத்திருப்பாள். பிறகு பரண்மேல் இருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால்... அதை விடுங்க.

கமிட்டி? கமிட்டியில் என்ன எதிர்ப்பு? சூளைப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன ஜெபவீடு கட்டித் தரணும் என்று இவள் போய்க் கேட்டாள். செயலாளர் நல்ல மனுஷன், வேடிக்கையாகப் பேசுவார்.

"உனக்கே நேத்துத்தான் எழுத்துத் தெரியும் தெபோராள். ஓடைக்கரையில நம்ம சபைக்கு ஒரு இடம் கிடக்குல்லா? அதுக்கு நடுவுல ஒரு கல்லு கிடக்குல்லா? அதப் புரட்டிட்டு வா. பொறவு பேசலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். கல் என்றால் கைக்கல் இல்லை டீச்சர், மாட்டுவண்டி அளவு பாறை. நானும் கடைசி வரிசையில் இருந்தேன். சிரிப்பு வந்தது, சிரித்தேன். அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். சிரித்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தாள்.

அதிலிருந்துதான் அவளுக்கு அந்தக் கல் பைத்தியம் பிடித்தது.

சொல்கிறேன் கேளுங்க. அவள் விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் முழங்கால் போடுவாள். சத்தமாகத்தான் ஜெபிப்பாள். வீடு இவ்வளவுதானே, பார்க்கிறீங்களே. நான் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். ஒவ்வொருத்தருக்கும் பேர் சொல்லிச் சொல்லி. தபால்காரர் மூட்டுவலி. கோயில் மணி அடிக்கிறவருக்குக் கண் ஆபரேஷன். எங்கள் மகள் ஜெசி, மருமகன், பேத்தி, திருப்பூரில் அவர்கள் வீட்டுக்காரம்மா வரைக்கும். கொட்டகையைப் பிடுங்கிப் போட்டாரே சூளைக்காரர், அவர் மகளுக்குப் பிள்ளை இல்லை என்று அதற்கு ஒரு ஜெபம். தனசிங் பேர் உண்டு. தனசிங் என்னோடு கிணறு வெட்டினவன், அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அவனைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இத்தனை பேர் உண்டு. என் பேர் இல்லை.

இல்லை டீச்சர். இருபது வருஷமாகக் கேட்கிறேன். ஒரு நாள் இல்லை.

புருஷன் பேரைச் சொல்லமாட்டாள், அது எனக்கும் தெரியும். அந்தக் காலத்துப் பெண்கள் யார் சொன்னார்கள்? ஒரு தடவை வாக்காளர் பட்டியலுக்குப் பேர் எழுத ஒருவர் வந்தார். நான் உள்ளே படுத்திருந்தேன்.

"வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

"கூழு காய்ச்சுவாவல்லா..."

"அரிசியா?"

"இல்ல சார். செவப்பா, பொடிசா, கடுகு மாதிரி."

"கம்பா?"

"கம்பு செவப்பாவா இருக்கும்?"

"கேப்பையா?"

"அதுல பாதி சார்."

அந்த மனுஷன் கேப்பையன் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இரண்டு தேர்தலுக்கு நான் கேப்பையன். வீட்டில்கூட அவள் கேப்பைக் கூழ் என்று சொல்லமாட்டாள், 'செவப்புக் கூழ்' என்பாள். இதெல்லாம் மரியாதை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கர்த்தரிடமுமா? அவரிடம் 'ஜெசி அப்பா' என்று சொல்லலாமே. ஜெசியை அவருக்குத் தெரியும், ஜெசிக்கு அப்பா யார் என்று தெரியாதா?

எல்லாருக்கும் ஜெபித்து முடித்துவிட்டுக் கடைசியில் ஒன்று சொல்வாள். தினமும் அதே வார்த்தை. "ஆண்டவரே, அந்தக் கல்லை நினைத்தருளும்." அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்துவிடும். கேட்கிறவனுக்கு எரிச்சல் வருமா வராதா? ஓடைக்கரையில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிற பாறைக்கு ஜெபம். கட்டிலில் கிடக்கிறவனுக்கு ஒன்றும் இல்லை.

சரி, செருப்பு விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஐயரம்மா, குருவானவர் வீட்டம்மா, உங்களிடம் அதை வேறு மாதிரி சொல்லியிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல அக்கினி வெயில். இன்றைக்குப் போகாதே என்றேன். "பிள்ளைக காத்திருக்கும்லா" என்றாள். அவள் ஓட்டிப் போகிற சைக்கிளை ஏற்கெனவே பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டேன். செருப்பை எடுத்து விறகு அடுக்குக்குப் பின்னால் வைத்தேன். அவள் நல்லதுக்குத்தான். செருப்பில்லாமல் யாராவது அந்த முள் காட்டில் போவார்களா? போகமாட்டாள் என்று நினைத்தேன். அவள் படியில் நின்று இடதுபக்கம் பார்த்தாள், வலதுபக்கம் பார்த்தாள், என்னை ஒன்றும் கேட்கவில்லை, வெறுங்காலோடு இறங்கிப் போய்விட்டாள். இரண்டு மைல்.

முள் ஏறிற்று. சீழ் வைத்தது. கடைசியில் பெரியாஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். ஐயரம்மா முள் என்கிறாள். சர்க்கரை டீச்சர்! டாக்டரே சீட்டில் சர்க்கரை என்றுதான் எழுதினார். முள் என்று எங்கே எழுதினார்? கறுப்பு ரப்பரில் மெத்தென்று ஒரு செருப்பு எழுதிக் கொடுத்து, வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுத்தான் நடக்கணும் என்றார். ஜெபம் பண்ணுகிற வீட்டுக்குள் செருப்பா? ஆறு தலைமுறை வீடு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு வரைக்கும் அவள் படியிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாள். அந்த மட்டில் சொன்ன பேச்சைக் கேட்பாள், பொய் சொல்லக்கூடாது.

இப்போது தனசிங். அவனுக்கு என்னைவிட எட்டு வயது குறைவு, மீசை இன்னும் கறுப்பு, சாயமா என்னவோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் எல்லாரும் நிற்கிறோம். அவன் நேரே இவளிடம் வந்தான்.

"மதினி, அந்தக் கல்ல நான் உடைச்சுத் தாரேன். செவ்வாக்கெழம சம்மட்டியோட வாரேன்."

மதினியாம். இவள் முகத்தை நீங்க பார்க்கணுமே. விளக்கு ஏற்றின மாதிரி. "கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பார் கொழுந்தனாரே" என்றாள். நாற்பது வருஷம் நான் கொண்டுவந்து கொடுத்ததற்கு ஒரு நாள் அந்த முகம் வந்ததில்லை. தனசிங்குக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? இந்தக் கை.

திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாக நான் ஓடைக்கரைக்குப் போனேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கல்லைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். கல்லுக்கு ஒரு வாட்டம் உண்டு டீச்சர், மரத்துக்கு ரேகை ஓடுகிற மாதிரி. அது தெரியாமல் அடித்தால் ஒரு மாதம் அடித்தாலும் பொடிதான் உதிரும். தனசிங்குக்கு அது தெரியாது. நான் வாட்டம் பார்த்து உளியால் வரிசையாகக் குழி போட்டு, ஒவ்வொரு குழியிலும் ஆப்பு இறக்கி அடித்தேன். அறுபத்திரண்டு வயதில். மத்தியானம் சோறு இல்லை, தண்ணீர் மட்டும். பொழுது சாயும்போது ஒரு சத்தம் கேட்டது, தேங்காய் உடைகிற மாதிரி, ஆனால் பூமிக்குள்ளிருந்து. நாலாகப் பிளந்து கிடந்தது. கடப்பாரை கொடுத்து ஒவ்வொன்றாக ஓடைக்குள் புரட்டினேன். இந்த உள்ளங்கையைப் பாருங்க, இங்கேயிருந்து இங்கே வரைக்கும் பிளந்துவிட்டது. தழும்பு தெரிகிறதா? தொட்டுப் பாருங்க.

வீட்டுக்கு வந்தேன். அவள் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லைப் போய்ப் பார்த்தாளா? அதுவும் இல்லை. ஒரு பெரிய மீன் குழம்பு வைத்தாள், அவ்வளவுதான்.

பிறகு ஜெபவீடு வந்தது. பிஷப் வந்து பிரதிஷ்டை பண்ணினார். சூளைப் பிள்ளைகள் குருத்தோலையோடு வரிசையாக நின்றன. அந்தச் சூளைக்காரரும் வந்தார், தோளில் பேத்தியோடு. இவளுக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். ஆறின கைக்குத் திரும்பக் கட்டுப் போட்டுக்கொண்டு நான் முன்னால் வந்து நின்றேன், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. இவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"கர்த்தர் கல்லைப் புரட்டினார்."

அவ்வளவுதான். கர்த்தர் புரட்டினார். கர்த்தருக்கு உள்ளங்கையில் கட்டு இருந்ததா? ஜனங்கள் ஸ்தோத்திரம் என்றார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகத் தனசிங் சொன்னான். செவ்வாய்க்கிழமை சம்மட்டியோடு வந்து பார்த்துவிட்டு வெறுமனே திரும்பிப் போனவனுக்கு என்ன ஸ்தோத்திரம்? அன்றைக்கு அசன விருந்தில் அவளுக்கு பிஷப் பக்கத்தில் இலை. எனக்கு மூன்றாம் பந்தி. குழம்பில் காய் தீர்ந்துவிட்டது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். கல்தான் போயிற்றே, இனிமேலாவது ஜெபத்தில் நமக்கு ஒரு இடம் கிடைக்கும் என்று நினைத்தேன். மறுநாள் ஐந்து மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். தபால்காரர், மணி அடிக்கிறவர், ஜெசி, தனசிங். கடைசியில் "ஆண்டவரே, அந்தக் கல்லை நினைத்தருளும்."

உடைத்துவிட்டேன் டீச்சர். ஓடையில் கிடக்கிறது. அதன்மேல் பெண்கள் துணி துவைக்கிறார்கள். இன்னும் அதற்கு ஜெபம். வயதாகிவிட்டது, ஞாபகம் தடுமாறுகிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் போன வருஷம் எனக்கு நெஞ்சுவலி வந்தது. பெரியாஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் வயராக ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். டாக்டர் ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார். நான் செத்துப்போகிறேன் என்று எனக்கே தெரிகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இவள் முழங்கால் போட்டாள். இப்போதாவது, என்று நினைத்தேன். இப்போதாவது என்னைச் சொல்லுவாள்.

"ஆண்டவரே, அந்தக் கல்லு. அந்தக் கல்லு. அந்தக் கல்லு."

மூன்று தடவை, அழுதுகொண்டு. அன்றைக்குத்தான் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. பிழைத்து வந்தேன், ஆனால் அவளோடு சரியாகப் பேச்சு இல்லை. இவ்வளவுதான் என் சாட்சி. எழுதினீங்களா?

இதோ இருக்கிறது அவள் எழுதி வைத்த நோட்டு. நேரமாகிவிட்டால் டீச்சரிடம் கொடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். காலையில் நான் முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், அவள் எழுத்தோ கோழி கிளறின மாதிரி. அதனால் 'கே' மட்டும் தேடினேன். ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்துக்கொண்டு. பதினாலு 'கே' இருக்கிறது. எல்லாம் 'கேட்டேன்', 'கேட்டருளினார்'. ஒன்றுகூட நான் இல்லை.

நீங்க படிங்க. எனக்குக் கேட்கிற மாதிரி படிங்க. எங்கேயாவது 'ஜெசி அப்பா' என்றாவது இருக்கிறதா பார்ப்போம்.

ம்... ம்... அண்ணன்மார், சரி. சூளைக்காரர், சரி. கமிட்டி. ஆமாம், அதுதான் நான் சொன்னேனே.

என்ன? 'வெளியே கிடந்தது சின்னக் கல். பெரிய கல் என் வீட்டில் இருந்தது.' வீட்டிலா? இந்த வீட்டில் ஏது கல், அம்மி ஒன்று இருக்கிறது, அது எங்கள் அம்மா கொண்டுவந்தது. சரி, படிங்க.

'பெரிய கல் என் கண்ணாடியைப் பரண்மேல் போட்டது. பெரிய கல் சைக்கிளைப் பூட்டியது. பெரிய கல் என் செருப்பை ஒளித்து வைத்தது.'

டீச்சர், தப்பாகப் படிக்கிறீங்க. அவள் எழுத்து அப்படி. கல் எப்படிச் செருப்பை ஒளித்து வைக்கும்? திரும்பப் படிங்க.

ஏன் நிறுத்திட்டீங்க? ஏன் என்னைப் பார்க்கிறீங்க? படிங்க, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

'அவங்க பேரை என் வாயால் சொல்லக்கூடாது. ஒரு நாள் வேதபாட வகுப்பில் குருவானவர், அந்தப் பேருக்கு அர்த்தம் கல் என்று சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஜெபத்தில் கல் என்றுதான் சொல்வேன். கர்த்தருக்கு விளங்கும்.'

எந்தப் பேருக்கு?

கேபா என்றால் கல்லா? நிஜமாகவா டீச்சர்? நீங்க படித்தவங்க, சொல்லுங்க. பேதுரு என்றாலும் அதேதானா? அப்பா எனக்குச் சொல்லவே இல்லையே. அவருக்கும் தெரியாது போல.

அப்போ ஐந்து மணிக்கு அவள்... தினமும்...

நில்லுங்க. காப்பி வேண்டாம், எனக்கு ஒன்றும் இல்லை. மீதியையும் படிங்க.

'ஒரு திங்கட்கிழமை பெரிய கல்லே எழுந்துபோய்ச் சின்னக் கல்லை உடைத்தது. நான் ஓடைக்கரையில் உடைமரத்துக்குப் பின்னால் நின்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டே போனால் நிறுத்திவிடுவாங்க என்று போகவில்லை. அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை.'

பார்த்தாளா? நின்று பார்த்தாளா? உடைமரத்துக்குப் பின்னாலா? நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே டீச்சர். அந்தக் காலோடு அவ்வளவு நேரமா நின்றாள்?

இன்னும் இருக்கிறதா? படிங்க.

'ஆஸ்பத்திரியில் பெரிய கல் கிடந்த அன்று நான் பயந்துபோனேன். ஆண்டவரே, புரட்டத்தானே கேட்டேன், எடுத்துவிடக் கேட்கவில்லையே என்று அழுதேன். கேட்டருளினார்.'

போதும் டீச்சர். மூடிவிடுங்க.

இல்லை, கண்ணில் ஒன்றும் இல்லை. ஓட்டிலிருந்து தூசி விழுகிறது, மாற்றணும்.

ஒரு காரியம் செய்யுங்க. முதலில் என் பேர் எழுதிக்கொண்டீங்களே, ஞா. கேபா என்று. அதை அடித்துவிடுங்க. கோடு போட்டு அடியுங்க, நான் பார்க்கிறேன். ஆமாம். அவள் எழுதினபடியே போடுங்க. கல் என்றே இருக்கட்டும். நீங்க எனக்குப் படித்துக் காட்டினதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீங்க. கேட்டால், கிழவன் தனசிங்கைத் திட்டிக்கொண்டிருந்தான் என்று சொல்லுங்க, நம்புவாள்.

அந்தா, சத்தம் கேட்கிறதா? ஒரு கால் அழுந்தி ஒரு கால் இழுக்கும். வாசலுக்கு வந்துவிட்டாள். எப்போதும் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு குனிவாள்.

"ஏளா! நில்லு. டீச்சர் வந்து ஒரு மணி நேரம் ஆச்சு... ஏளா, அதக் கழத்தாத. கழத்தாதன்னு சொல்லுதேன்லா. செருப்போடயே உள்ள வா."